தேயாத கடைவாய்ப் பற்கள்

பல் செட் செய்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரு சொல் கைவசம் உண்டு: 'பழகிடும்.' செட்டு வாயில் சரியாக உட்காராவிட்டாலும் பழகிடும், பேசும்போது ஆடினாலும் பழகிடும், ஈறு புண்ணானாலும் பழகிடும். இருபத்திரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். பாதிப் பேருக்கு உண்மையாகவே பழகிவிடும். மீதிப் பேரில் சிலர் திரும்பி வந்து சண்டை போடுவார்கள், நானும் முனகிக்கொண்டே சரிசெய்து கொடுப்பேன். சண்டை போடத் தெரிந்தவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். என் பெரியம்மா ஊரையே சண்டை போட்டு அடக்கியவள். என்னிடம் மட்டும் போடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவளைப் பற்றித்தான் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். அவள் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. அவளுடைய தம்பி, எங்கள் மாமா, ரயில்வே அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் கடிதம் எழுதி ஓய்வு பெற்றவர். ஒரு நாள் எழுதாவிட்டால் அவருக்குக் கை அரிக்கும். "அக்கா வாழ்க்கையைச் சின்னப் புத்தகமா போடணும், வர்ற பிள்ளைங்களுக்குத் தெரியணும்" என்று சொல்லி, ஒரு நீள நோட்டோடு வந்து அவள் வீட்டு ஹாலில் இருந்த ஒரே கைவைத்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஆளுக்கு ஒன்றாக நாங்கள் சொல்ல வேண்டும், அவர் எழுதுவார்.

எனக்கு நாலு வயதாக இருந்தபோது என் அம்மா இறந்துபோனாள். அப்பா வேறு ஊர், வேறு குடும்பம் என்று ஒதுங்கிவிட்டார். அம்மாவின் அக்காவான பெரியம்மாதான் தன் மகளோடு சேர்த்து என்னையும் வளர்த்தாள். பெரியப்பா இருந்தார், ஆனால் இருந்தாரா என்று கேட்டால் அவருக்கே சந்தேகம் வரும், அவ்வளவு சாது. வீட்டை ஓட்டியது பெரியம்மா. யாருக்கு எங்கே பெண் பார்ப்பது, எந்தப் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, யாரோடு யார் பேசாமல் இருக்கிறார்கள், அவர்களை எப்படிப் பேச வைப்பது, எல்லாம் அவள் வாய் வழியாகத்தான் போகும். அவள் சரி என்று சொல்லாமல் எங்கள் குடும்பத்தில் ஒரு கட்டில்கூட இடம் மாறியதில்லை.

பெரியம்மாவுக்கு வேலை, ஒரு தையல் தொழிற்சாலையில் துணி வெட்டும் பிரிவில். கடைசிப் பதினைந்து வருடம் நாற்பது பெண்களுக்கு மேற்பார்வையாளர்.

"அந்தக் கழிவறைச் சாவிக் கதையை எழுதுங்கண்ணே" என்றாள் சித்தி. சித்தி வீட்டின் கடைக்குட்டி, பெரியம்மாவுக்குப் பதினாறு வயது இளையவள். ஒரு முறை புதிதாக வந்த மேனேஜர், பெண்கள் அடிக்கடி எழுந்து போகிறார்கள் என்று கழிவறையைப் பூட்டிச் சாவியைத் தன் மேசையில் வைத்துக்கொண்டார். பெரியம்மா நாற்பது பேரையும் கூட்டிக்கொண்டு போய் அவர் அறையில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் இல்லை, கோஷம் இல்லை. "சார், எங்களுக்கு இங்கேயே ஆனாலும் பரவாயில்லை" என்று மட்டும் சொன்னாளாம். கால் மணி நேரத்தில் சாவி வந்தது. மாமா சிரித்துக்கொண்டே எழுதினார், ஆனால் "இங்கேயே ஆனாலும்" என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

பக்கத்து வீட்டுக் கடிகாரக்காரர் தன் பங்குக்கு ஒன்று சொன்னார். பெரியம்மா அவர் கடை வாசலில் சோடா பாட்டில் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து, இரண்டு வாடிக்கையாளர்களை மிரள வைத்த கதை. எல்லோரும் சிரித்தார்கள். அவள் பல் அப்படிப்பட்ட பல். நூலைக் கத்தரியால் வெட்ட மாட்டாள், கடித்து அறுப்பாள். அதனால் முன் பல்லில் நூல் கனத்துக்கு ஒரு சின்ன வெட்டு விழுந்திருந்தது. எலும்பு, கொட்டை, கரும்பு, ஒன்றையும் விட்டதில்லை. சிரித்தால் மேல் கடைவாய்வரை தெரியும். "பல்லு இருக்கறவதானே சிரிக்கணும், பொத்திக்கிட்டு சிரிக்க இது என்ன திருட்டுச் சாமானா?" என்பாள்.

அறுபத்தெட்டு வயதில் அந்தப் பற்கள் ஒவ்வொன்றாக ஆடிப் போயின. கடைசிப் பல்லையும் எடுத்து, ஈறு ஆறி, எழுபது வயதில் அவளுக்கு முழு செட் வேண்டியிருந்தது. வாயில் அளவெடுப்பது பல் டாக்டர் வேலை, அவர் அனுப்பும் அச்சை வைத்து செட் செய்வதுதான் என் வேலை. "நீ இருக்கும்போது எவனோ எதுக்குடா என் வாய்க்குள்ள கைய விடணும்?" என்றாள் பெரியம்மா. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நானே அச்செடுத்தேன். நானே மெழுகுக் கட்டையைக் கடிக்கச் சொல்லி, மேல் தாடையும் கீழ்த் தாடையும் சேரும் இடத்தைக் குறித்தேன்.

இந்த இடத்தில்தான் தவறினேன். பல் இல்லாதவர்களைக் கடிக்கச் சொன்னால் தாடையைத் தானாக முன்னால் கொண்டுவந்துவிடுவார்கள். நாக்கைப் பின்னால் மடிக்கச் சொல்லி, இரண்டு மூன்று முறை பார்த்து, பிறகுதான் குறிக்க வேண்டும். அந்த வாரம் எனக்குப் பன்னிரண்டு செட் பாக்கி. பெரியம்மா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கடித்தாள், நான் ஒரே முறையில் குறித்துக்கொண்டேன். பற்களை மெழுகில் அடுக்கி ஒரு தடவை வாயில் வைத்துப் பார்க்க வேண்டும், அதையும் செய்யவில்லை. நம் பெரியம்மாதானே, ஏதாவது இருந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஊராருக்குப் பார்த்துப் பார்த்துச் செய்கிற கை, சொந்த வீட்டு வேலை என்றால் எப்படித்தான் அலட்சியமாகிறதோ.

அவள் முதல் வாரமே வந்தாள். "கீழ்ச்செட்டு தூக்குதுடா. மெல்லும்போது முன்னாடி மட்டும் இடிக்குது, பின்னாடி சேரவே மாட்டேங்குது" என்றாள். தொழில் தெரிந்தவனுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. கடி தப்பு. இரண்டு செட்டையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். நான் கீழ்ச்செட்டின் ஓரத்தைக் கொஞ்சம் ராவிக் கொடுத்து, "பழகிடும் பெரியம்மா" என்றேன். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் வந்தாள். "எல்லாரும் முதல்ல இப்படித்தான் சொல்லுவாங்க. கழட்டாம போட்டுக்கிட்டே இரு" என்றேன்.

மூன்றாவது முறை வந்தபோது என் பட்டறையில் ஒரு புது டாக்டர் உட்கார்ந்திருந்தார். என்னிடம் வேலை கொடுக்கலாமா வேண்டாமா என்று பார்க்க வந்தவர். பெரியம்மா பெஞ்சில் ஒரு மணி நேரம் காத்திருந்தாள். டாக்டர் பேச்சுவாக்கில் "இந்தம்மா யாரு?" என்று கேட்டதும் எழுந்து வந்து, முப்பத்திரண்டும் தெரியச் சிரித்தாள். "என் பையன் செஞ்ச பல்லு டாக்டர். எலும்பைக்கூட விடறதில்லை" என்றாள். டாக்டர் இன்றுவரை எனக்குத்தான் வேலை அனுப்புகிறார். அவர் போன பிறகு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்தக் கீழ்ச்செட்டு மட்டும் இன்னும் தூக்குதுடா" என்றாள். "அடுத்த வாரம் வா பெரியம்மா, பாத்துடலாம்" என்றேன்.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் செய்ய வேண்டியிருக்கும் என்பதால்தான் கேட்கவில்லை, வேறு எந்தக் காரணமும் இல்லை. அதன் பிறகு தெருவில் பாதிப் பேர் என்னிடம் பல் செட் செய்ய வந்தார்கள். "உங்க பெரியம்மா சிரிச்சுக் காட்டினாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். கடிகாரக்காரரும் அப்படி வந்தவர்தான்.

செட் போட்ட பிறகான ஆறு வருடத்தில் அவள் அறுபத்திரண்டு கிலோவிலிருந்து நாற்பத்தொன்றுக்கு வந்தாள். வியாதி எதுவும் இல்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். கடைசியில் ஒரு சாதாரணக் காய்ச்சல். தாங்குவதற்கு உடம்பில் ஒன்றும் இல்லை என்றார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் வந்ததும் அக்கா ஒரு பிளாஸ்டிக் டப்பாவை என் கையில் கொடுத்திருந்தாள். அக்கா என்றால் பெரியம்மாவின் மகள். தபால் அலுவலகத்தில் கவுன்டர் வேலை. கல்யாணம் செய்துகொள்ளாமல் அம்மாவோடேயே இருந்தவள். "உன் கைவேலை. தூக்கிப் போட மனசு வரலை, நீயே வச்சுக்கோ" என்றாள். நான் பெரியம்மாவின் அறைக்குப் போய் ஜன்னல் வெளிச்சத்தில் டப்பாவைத் திறந்தேன். ஆறு வருடம் மென்றால் எந்தச் செயற்கைப் பல்லும் தேயும். மேடு பள்ளம் மழுங்கும், பளபளப்பான தட்டை விழும். பெரியம்மாவின் செட்டில் முன் பற்களின் நுனி மட்டும் சிராய்த்திருந்தது. கடைவாய்ப் பற்கள் எட்டும் நான் அடுக்கிய அன்று இருந்ததுபோலவே இருந்தன. அவள் அதை வைத்து ஒரு வேளைகூட மென்று சாப்பிட்டதில்லை. சிரிப்பதற்கு மட்டும் போட்டிருந்திருக்கிறாள். அவள் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த டப்பாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் ஹாலில் எல்லோரோடும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

"அடுத்தது நீதான்" என்று மாமா என்னைப் பார்த்தார். "நீ சொல்ல வேண்டாம், நானே எழுதிட்டேன். கேளு." தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசித்தார்: "தாயில்லாப் பிள்ளையென்று அவர் எடுத்து வளர்த்தவன், நன்றி மறவாமல், முதுமையில் அன்னைக்குத் தன் கையாலேயே பல் செய்து அணிவித்தான். அதனால் அவர் இறுதிவரை நிறைவாக உண்டு…"

"நிறைவா எங்கண்ணே சாப்பிட்டா?" என்றாள் சித்தி. "எலும்பும் தோலுமா இல்ல போனா. இவன் பல்லு வச்சுக் குடுத்துட்டான் சரி, வாய்க்கு ருசியா ஆக்கிப் போட ஆள் வேணுமே."

"மெதுவாப் பேசு" என்றார் மாமா. ஆனால் அவரும் மெதுவாகப் பேசவில்லை. "ஒரே பொண்ணு, ஒரே வீடு. பக்கத்துல உக்காந்து ரெண்டு வாய் சாப்பிட வச்சிருந்தா இந்த நிலைமை வந்திருக்குமா?"

அக்கா டீ தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். தட்டை எங்கள் நடுவில் வைத்தாள். "நான் குடுக்காமலா இருந்தேன் மாமா?" என்றாள்.

"நாங்களா சொல்றோம்? உங்கம்மாவே சொல்லியிருக்கா" என்றாள் சித்தி. "எப்ப போன் பண்ணாலும் இதே பாட்டுதான். 'இவ சமைச்சா கல்லு மாதிரி இருக்குடி, வாயில வைக்க முடியலை'ன்னு. பெத்தவ வயிறு எரிஞ்சு சொன்னா அது சும்மாவா போகும்?"

அக்கா சமையலறைக்குத் திரும்பிப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு அதன் முன்னால் சும்மா நின்றாள். பாத்திரம் எதுவும் கையில் இல்லை. நான் இருந்த இடத்திலிருந்து அவள் முதுகு தெரிந்தது.

நான் டீயை எடுத்துக் குடித்தேன். இதைச் சொல்லக் கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன், பாதி டம்ளர் குடித்தேன். எதிரில் கடிகாரக்காரர் நான் செய்த பல்லால் பிஸ்கட்டைக் கடகடவென்று மென்றுகொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தால் மதியத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். சொந்தப் பெரியம்மாவுக்கே ஒழுங்காகச் செய்யாதவன் என்பார்கள். வாயை மூடிக்கொண்டால் அக்காவைத் தவிர யாருக்கும் நஷ்டமில்லை, அவளுக்கோ ஒரு மாதமாக அது பழகியிருந்தது. அந்தச் சொல் எனக்குள்ளேயே அப்படி வந்து விழுந்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"அதை எழுதாதீங்க மாமா" என்றேன். டப்பாவைத் திறந்து செட்டை அவர் நோட்டின் மேல் வைத்தேன். அவர் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். "நான் பண்ணினது தப்பு. கடி சரியா எடுக்கலை. பின்பல்லு சேரவே சேராது. பாருங்க, கடைவாய்ப்பல்லு ஒண்ணுகூடத் தேயலை. அவ இதை வச்சு ஒரு நாளும் மென்னு சாப்பிடலை. செட்டு தூக்கி ஈறுல குத்தினா குழைஞ்ச சோறுகூடக் கல்லாத்தான் இருக்கும். அக்கா சமையல்ல ஒரு குறையும் இல்லை. பெரியம்மா இளைச்சதுக்கு நான்தான் காரணம்."

கடிகாரக்காரர் பிஸ்கட்டை விழுங்கிவிட்டு, சட்டைப் பையிலிருந்து கண்ணில் இடுக்கும் அந்தக் குட்டிப் பூதக்கண்ணாடியை எடுத்தார். செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓடின சாமான்னா தேய்மானம் தெரியும்" என்றார். "இது ஓடவே இல்லை."

சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மாமா எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். அடி விழும் என்று நினைத்தேன், விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"போடா பைத்தியக்காரா" என்றார். "நீ என்ன வேணும்னா செஞ்சே? அவ ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொல்லியிருந்தா நீ சரி பண்ணியிருக்க மாட்டியா? உன் மனசு நோகும்னு மறைச்சுட்டா. ராஜாத்தி! இப்படி ஒருத்தி எந்த வீட்ல இருக்கா?" குரல் உடைந்தது. அப்படியே நோட்டை எடுத்து, பழைய வரியை அடித்துவிட்டு, புதிதாக எழுத உட்கார்ந்துவிட்டார்.

"அவன் முகத்தைப் பாருங்கண்ணே, எப்படி வாடிப் போச்சு" என்று சித்தி என் தலையைத் தடவினாள். "விடுடா கண்ணு. அவ அப்படித்தான்."

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்று மாமா சொன்னபோது நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. தோளில் அவர் கை கதகதப்பாக இருந்தது. பாவ மன்னிப்பு இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும்போது, மிச்சத்தை எதற்கு அவிழ்ப்பது என்று தோன்றியது.

"எனக்கு ஒரு மாசம்."

அக்கா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"சாவு வீட்லேர்ந்து ஆரம்பிச்சு, போன்ல, தெருவுல, இப்ப இந்த ஹால்ல. எனக்கு ஒரு மாசமா நடக்குது. அவனுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகலை. தலையைத் தடவறீங்க."

"அப்படி இல்லம்மா…" என்று மாமா ஆரம்பித்தார். அவள் அதைக் கேட்க நிற்கவில்லை. நான் எழுந்து அவள் பின்னால் போனேன்.

அடுப்படி மேடையில் அரை பாத்திரம் கேரட் நறுக்கி வைத்திருந்தாள். எல்லோரும் மதியம் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். அவளைப் பேசிய வாய்களுக்கும் அவள்தான் சமைக்க வேண்டும். கத்தியை எடுத்து மீதியை நறுக்கினாள்.

"குழைய வேக வைப்பேன்" என்றாள். "அதை மத்தால கடைவேன். ஒரு வாய் வச்சுட்டு, 'என்னடி இது, கல்லா?'ன்னு தட்டைத் தள்ளிட்டு ரூமுக்குப் போயிடுவா. அவ போனதும் நான் எடுத்து வாயில போட்டுப் பாப்பேன். மெத்துன்னுதான் இருக்கும். எனக்கு என் நாக்கு மேலயே சந்தேகம் வந்துடுச்சு. என் மேல ஏதோ கோபம், அதைச் சாப்பாட்டுல காட்டறான்னு நெனச்சேன். ஒரு கட்டத்துல நானும் அவகூட உக்காந்து சாப்பிடறதை நிறுத்திட்டேன். சொல்லப்போனா, கடைசி மூணு வருஷம் நாங்க ரெண்டு பேரும் ஒரே வீட்ல தனித்தனியாத்தான் சாப்பிட்டோம்."

"அக்கா…"

"உன்னைக் காட்டிக் குடுக்க அவளுக்கு மனசு வரலை. அதுக்குப் பதிலா என்னைக் குடுத்துட்டா." கத்தியை வைத்துவிட்டு முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தாள். பெரியம்மாவின் கண்கள்தான் அவளுக்கும். "ஒண்ணு மட்டும் கேக்கறேன். மாமா சொன்னது நிஜமா? அவ உன்கிட்டகூட மறைச்சுட்டாளா? ஒரு தடவைகூடச் சொல்லலையா?"

இல்லை என்று ஒரே சொல்லில் முடிந்திருக்கும். அந்தப் பெஞ்சையும் அந்த வாசலையும் பார்த்தவர்கள் யாரும் இல்லை. தெரிந்த ஒருத்தியும் போய்விட்டாள். இல்லை என்று சொல்லியிருந்தால் அக்காவுக்கும் ஒரு ஆறுதல் கிடைத்திருக்கும், அம்மா எல்லோரிடமும் ஒரே மாதிரிதான் மறைத்தாள் என்று.

"சொன்னா" என்றேன். "மூணு தடவை வந்து சொன்னா. என்ன தப்புன்னு எனக்கு முதல் தடவையே தெரியும். மறுபடியும் செய்யச் சோம்பல்பட்டு, பழகிடும்னு சொல்லி அனுப்பிட்டேன்."

அக்கா சுவரில் சாய்ந்து நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. ஹாலில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று மாமா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"இதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றாள் அக்கா. "மாமா செருப்பு மாட்டறதுக்குள்ள போய் அங்க சொல்லு. சொல்லிட்டு, இன்னைக்கு முழுக்க என் கண்ணுல படாதே."

நான் ஹாலுக்குப் போனேன். மாமா வாசற்படியில் குனிந்து தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். சித்தி என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இடம் ஒதுக்கி, வா என்று தட்டிக் காட்டினாள். நான் உட்காரவில்லை.

"மாமா, உள்ள வாங்க. நோட்டை எடுங்க" என்றேன். "நான் பாதிதான் சொன்னேன்."